வாஞ்சூர் சாவடியில் வெடித்த எலுமிச்சைத் தோல்

பயம் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள நள்ளிரவில் மையவாடிக் கல்லறைகளுக்கு நடுவே போய் நிற்க வேண்டியதில்லை. ஸ்கூட்டரில் பின்னால் மாமனார், காலடியில் ‘புஸ்’ என்று மூச்சுவிடும் இரண்டு பாட்டில், எதிரே வாஞ்சூர் சோதனைச் சாவடி. இவ்வளவு போதும். எனக்கு மூன்றும் ஒரே காலையில் வாய்த்தன.

எங்கள் பக்கம் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவான். துபாய் வேலை முடிந்து அடுத்த விசாவுக்குக் காத்திருந்த நான், காரைக்காலில் என் மனைவி ஆயிஷா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கும் மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது என்பார்கள். (எனக்கு நன்றாகவே இறங்கியது. இருந்தாலும் கூச்சம் என்று ஒன்று இருக்கிறதே.) தின்ற சோற்றுக்கு ஈடாக அந்த வீட்டைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடாக மாற்றிக்காட்டுவது என்று முடிவு செய்தேன். எல்லாம் கைபேசியில் பார்த்துக் கற்றதுதான். வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே “ரொம்ப ஈஸி” என்பார். உடனே நம்பிவிடுவேன்.

கடைசியாகக் கையில் எடுத்தது, தரை துடைக்கும் திரவம். ஜூஸ் கடையில் வீசி எறியும் எலுமிச்சை, சாத்துக்குடித் தோலோடு வெல்லமும் தண்ணீரும் சேர்த்து மூன்று மாதம் ஊறவைக்க வேண்டும். அடிக்கடி மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். மூன்று மாதம் யார் காத்திருப்பது? சீக்கிரம் புளிக்கட்டும் என்று ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டையும் அள்ளிப் போட்டேன். சில வாரங்களில் நாகூரில் என் கொழுந்தியாள் புதுவீடு குடிபோனாள். வீடு முழுக்க மார்பிள் தரை. இதைவிட நல்ல அன்பளிப்பு உண்டா? பழைய கூல் டிரிங்ஸ் பாட்டில் இரண்டில் கழுத்துவரை ஊற்றி, சிந்தக் கூடாதென்று மூடியை இறுக முறுக்கி, மேலே டேப்பும் சுற்றி, பையில் போட்டு ஸ்கூட்டரில் காலடியில் வைத்தேன்.

மாமனாரும் என்னோடு கிளம்பினார். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். குடிக்கிறவன் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணியைக்கூடத் தொடமாட்டார்.

கீழவாஞ்சூர் பக்கம் நிலக்கரி லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டோம். வெயில் மண்டையைப் பிளந்தது. காலடியில் ‘புஸ்’ என்றது.

“மாப்பிள்ளை, டயர்ல காத்து எறங்குதா?”

“இல்லிங்க மாமா. லாரி பிரேக்கு சத்தம்.”

குனிந்து பையைத் தொட்டேன். பாட்டில் கல்லாக இறுகி, அடி உப்பியிருந்தது. கூடவே ஒரு வாடை. நான் குடித்தவனில்லை. ஆனால் காரைக்காலில் வளர்ந்தவனுக்கு அந்த வாடை தெரியாமல் இருக்குமா? வெல்லம், பழத்தோல், ஈஸ்ட். இத்தனை நாளாக மாமனார் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் ஊரில் சரக்கு விலை மலிவு. அதனால் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டும் எந்தப் பாட்டிலும் சந்தேகத்துக்குரியது. திரும்பிவிடலாமா? சாவடிக்கு முன்னால் வண்டியைத் திருப்புகிறவனை யார் விடுவார்கள்? பையை லாரிக்கு அடியில் தள்ளலாமா? பின்னால் இருப்பவர் பார்ப்பாரே! ஜெயில்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த மனிதர் என்னைக் குடிகாரன் என்று நினைத்துவிட்டால் அதன்பிறகு அந்த வீட்டில் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவேன் என்பதுதான் பயம்.

காவலர் கையை நீட்டி நிறுத்தினார்.

“பையில என்னங்க?”

“தரை தொடைக்கிறது சார்.”

“அதுக்கு ஏன் காலால மறைக்கிறீங்க? தொறங்க.”

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க...”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் இன்னும் கிட்டே வந்தார். டேப்பைப் பிரித்து மூடியைக் கால் திருகு திருகியிருப்பேன். டமார்! மூடி பறந்து தகரக் கூரையில் மோதியது. நுரை பொங்கிக் காவலர் சட்டையையும் மாமாவின் ஜிப்பாவையும் நனைத்தது. ஒரு எலுமிச்சைத் தோல் மாமாவின் தொப்பி மேல் போய் உட்கார்ந்தது.

காவலர் சட்டையைத் தொட்டு முகர்ந்தார். “ஊறல்!” என்றார். (சாராயம் காய்ச்சப் புளிக்கவைப்பதற்கு அதுதான் பெயர்.) “எப்புடிச் செஞ்சே?”

‘ங்க’ போய்விட்டது. உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று, வெல்லத்தில் ஆரம்பித்து ஈஸ்ட் வரை முழுச் செய்முறையையும் ஒப்பித்தேன். சாராயம் காய்ச்சுகிறவன்கூட இவ்வளவு தெளிவாக வாக்குமூலம் கொடுத்திருக்க மாட்டான்.

“எங்க வச்சுக் காய்ச்சுனே?”

“காய்ச்சல சார், ஊறத்தான் வச்சேன். இவங்க வீட்ல, மாடிப்படிக்குக் கீழ.”

ஆக, மாமாவையும் மாட்டிவிட்டாயிற்று. அவரைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

“மாப்பிள்ளை.” மாமா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். “உண்மையைச் சொல்லுங்க. குடிக்கிறதுக்கா?”

“அல்லா மேல சத்தியமா இல்லிங்க மாமா! மார்பிளுக்கு.”

அவர் தொப்பியிலிருந்த தோலை எடுத்துக் கீழே போட்டுவிட்டுக் காவலரிடம் திரும்பினார்.

“சார், இவருக்குச் சாராயம் காய்ச்ச வராது.”

“எப்புடிச் சொல்றீங்க?”

“வீட்டுக்கு நல்லது பண்றேன்னு என் புதுக் கைலியைக் கிழிச்சுப் பை தச்சாரு. மார்க்கெட்ல அடி பிஞ்சு, வாங்குன கொடுவா மீனு சாக்கடையில விழுந்துச்சு. குப்பையை உரமாக்குறேன்னாரு. புழு அடுப்பங்கரை வரைக்கும் வந்துருச்சு. தண்ணிய மிச்சம் புடிக்கிறேன்னு கக்கூஸ் தொட்டியில செங்கல்லப் போட்டு, தொட்டி ஒடைஞ்சு மாடி பூரா வெள்ளம். இவரு சாராயம் காய்ச்சுனா சர்பத்துதாங்க வரும்!”

சாவடியே சிரித்தது. வாழ்க்கையில் என் மானத்தை இவ்வளவு முழுசாக யாரும் வாங்கியதில்லை. இவ்வளவு நிம்மதியாகவும் நான் இருந்ததில்லை.

காவலர் மட்டும் பாதிதான் நம்பினார். “தரை தொடைக்கிறதுன்னா தொடைச்சுக் காட்டு.”

பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, நிலக்கரித் தூசி படிந்த சாவடித் தரையில் இரண்டாவது பாட்டிலை மெல்லக் காற்றுவிட்டுத் திறந்து ஊற்றி, அங்கே கிடந்த துடைப்பத்தால் தேய்த்தேன். நேரம் பார்த்து நாகூர் பஸ் வந்து நின்றது. ஜன்னலெல்லாம் தெரிந்த முகம். ஒருவர் எனக்கு சலாம் சொன்னார். துடைப்பத்தோடு பதில் சலாம் சொன்னேன். வெல்லம் சரியாகப் புளிக்காததால் தரை பிசுபிசுத்தது. காவலர் காலை எடுத்தால் செருப்பு தரையிலேயே ஒட்டிக்கொண்டது.

“போய்த் தொலைங்க,” என்றார். ‘ங்க’ திரும்ப வந்ததும்தான் எனக்கு உயிரும் வந்தது.

இப்போது எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டில் நான் சோடா மூடியில் கை வைத்தால் போதும், மாமா தொப்பியைக் கழற்றி மடியில் பத்திரமாக வைத்துக்கொள்வார். அன்றைய கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. (அவசியமில்லை, பஸ் முழுக்கப் பார்த்துவிட்டதே.) ஆனால் நாகூர் போகும்போதெல்லாம் வாஞ்சூர் நெருங்கியதும் என் தோளைத் தட்டுவார்.

“மாப்பிள்ளை, தரை அழுக்காக் கெடக்கு பாருங்க. எறங்குறீங்களா, இல்ல வரும்போது பாத்துக்கலாமா?”