அம்மாவுக்கு மகன் இல்லாத நான்கு நாட்கள்

நான் ஒருமுறை பிறக்காமல் இருந்திருக்கிறேன். எல்லோரும்தான் பிறப்பதற்கு முன்னால் பிறக்காமல் இருந்தார்கள், இதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். நான் சொல்வது என்னுடைய முப்பத்து மூன்றாவது வயதில். ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை நான் இந்த உலகத்தில் இல்லை. அதற்குச் சாட்சி என்னைப் பெற்றவர்.

அப்போது நானும் அம்மாவும் மொன்றியலில், லாசால் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி அப்பார்ட்மென்டில் இருந்தோம். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவது என் தொழில். அந்த நேரம் பார்த்து நான் கனடிய ஆமியின் பகுதிநேரப் படையில் போய்ச் சேர்ந்தேன். வாரத்தில் ஒரு மாலை, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, கோடையில் ஒரு நீண்ட பயிற்சி. நாட்டுப்பற்று என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், மெற்றோவில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் நின்ற ஆளுக்கு வயிறு இல்லை. அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆமியும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பொருள் வழங்கும் பிரிவில் போட்டது. அதாவது யுத்தம் என்று ஒன்று வந்தால், நான் பின்னால் நின்று காலுறை எண்ணிக் கொடுப்பேன். (எண்ணிக் கொடுப்பதும் தியாகம்தான். பத்தாம் நம்பர்க் காலுக்கு எட்டாம் நம்பர் சப்பாத்தைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.)

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆமி என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான்: ஓடு. யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது சுற்றிவளைப்பு நடந்தால், அம்மா என்னை மாமி வீட்டு நெல்மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாசலில் நின்று, 'எனக்குப் பிள்ளையளே இல்லை' என்று சிப்பாயின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். சொல்லிவிட்டு அவனுக்குக் குடிக்கத் தேத்தண்ணியும் கொடுப்பார். குடிக்கிறவன் மூட்டையைக் கிளறமாட்டான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அப்படிப்பட்டவரிடம் போய், 'அம்மா, நான் ஆமியில சேர்ந்திட்டன், சப்பாத்து நல்லாயிருக்கு' என்று எப்படிச் சொல்வது? ஆகவே அந்தக் கோடையில் பயிற்சிக்குப் போகும்போது, கியூபெக் நகரத்துக்கு அந்தப் பக்கம் கம்பனி எட்டு வாரம் கொம்பியூட்டர் ட்ரெயினிங்குக்கு அனுப்புகிறது என்று சொன்னேன். அம்மா ஒரு போத்தல் மிளகாய்த்தூள் கட்டித் தந்தார்.

முகாமில் கட்டில் தந்தார்கள், சாப்பாடு தந்தார்கள். அதோடு இன்னொன்றும் உண்டு என்றார்கள். ஊரில் வாடகை கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை விட்டு வந்தவனுக்கு, அந்த வீட்டுக்கென்று ஒரு வாடகைப் படி. பயிற்சிக்கு வந்த குற்றத்துக்காக ஒருவன் திரும்பிப் போகும்போது வீடில்லாமல் நிற்கக் கூடாது என்ற நல்லெண்ணம். ஒரே நிபந்தனை, உனக்கு வீடு இருக்கிறது என்று நீ காட்ட வேண்டும். களஞ்சியத்தில் சம்பளமில்லாத லீவில் வந்தவன் நான். அந்தப் படி வராவிட்டால் லாசால் வீட்டில் என் பங்கு வாடகை அந்தரத்தில்தான்.

மற்றவர்கள் வாடகை ஒப்பந்தத்தின் பிரதியை இணைத்தார்கள். எங்கள் ஒப்பந்தம் அம்மாவின் பெயரில் இருந்தது. நான் மாதா மாதம் என் பங்கை அம்மாவின் கையில் கொடுப்பேன், அவர் அதை அந்தோனியார் சுரூபத்துக்கு அடியில் வைப்பார். பற்றுச்சீட்டு? பெற்ற தாயிடம் பற்றுச்சீட்டுக் கேட்கும் தைரியம் இருந்தால் நான் பொருள் வழங்கும் பிரிவிலா இருந்திருப்பேன், முன்னரங்கில் அல்லவா நின்றிருப்பேன்.

படிவத்தில் 'வீட்டை வைத்திருப்பவர்: தாயார்' என்று எழுதி, தொலைபேசி எண்ணையும் போட்டேன். மொன்றியலில் எங்கள் பிரிவின் அலுவலகத்தில் இருந்த கோப்ரல் ஜோசே தங்கமான பெண். "ஒன்றும் பிரச்சினை இல்லை, வீட்டுக்கு ஒரு போன் அடித்து உறுதிப்படுத்திக்கொள்கிறேன்" என்றாள்.

மூளை உள்ளவன் அந்த இடத்தில் 'வேண்டாம்' என்று அலறியிருப்பான். நான் 'மெர்சி' என்று நன்றி சொன்னேன். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது, எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டு 'உய், உய்' என்று சொல்லி வைத்துவிடுவார் என்று ஒரு கணக்கு. தையல் தொழிற்சாலையில் கியூபெக் பெண்களோடு பன்னிரண்டு வருடம் சண்டை பிடித்தவர் அவர் என்பதை மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கப்டன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் படிவம் இருந்தது. அதன் அடியில் பொய்த் தகவல் கொடுத்தால் என்ன நடக்கும் என்று பொடி எழுத்தில் இருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். பயிற்சியிலிருந்து நீக்கம், அதற்கு மேல் ஒழுங்கு விசாரணை. வாசித்து முடித்துவிட்டு, "சிப்பாய் அன்ரன், நீ உண்மையில் எங்கே வசிக்கிறாய்?" என்று கேட்டார்.

"லாசாலில், சேர். அம்மாவோடு."

"அந்த அம்மாவுக்கு மகனே இல்லையாம்."

செவ்வாய்க்கிழமை ஜோசே போன் எடுத்து, ஆமியிலிருந்து பேசுகிறேன், உங்கள் மகன் அங்கேதான் வசிக்கிறாரா என்று கேட்டிருக்கிறாள். அம்மா சுத்தமான பிரெஞ்சில், "மகன் இல்லை. மெர்சி" என்று சொல்லி வைத்துவிட்டார். ஜோசே நல்லவள் என்றேன் அல்லவா, அதுதான் என்னைக் கெடுத்தது. ஏதோ மொழிப் பிரச்சினையாக்கும் என்று, வியாழக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் நேரிலேயே போயிருக்கிறாள். சீருடையில்.

கப்டன் அவளுடைய குறிப்பை வாசித்தார். இரண்டு அறை. ஒன்றில் அம்மா படுக்கிறார். மற்றது செப அறை. ஆண் உடுப்பு இல்லை, ஆண் சப்பாத்து இல்லை, குளியலறையில் ஒரே ஒரு பல்துலக்கி. சுவரில் ஒரு படம்கூட இல்லை. "மிகவும் அன்பான பெண்மணி. தேநீரும் நான்கு மீன் கட்லட்டும் தந்தார்."

கட்லட் என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

(விவரம் பேந்துதான் தெரிய வந்தது. செவ்வாய்க்கிழமை போனை வைத்த கையோடு அம்மா என் உடுப்பு, சப்பாத்து, சவர சாமான், சிறு வயதில் கோயிலில் எடுத்த முதல் நன்மைப் படம், கொம்பியூட்டர் எல்லாவற்றையும் கீழ்வீட்டு மணியண்ணையிடம் இறக்கிவிட்டார். என் மேசையில் அந்தோனியாரை ஏற்றிவைத்து இரண்டு பக்கமும் மெழுகுதிரி. தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதரை, நான் தொலைந்த அறைக்கே காவல் வைத்திருந்தார். மூன்று மாடி, லிப்ட் கிடையாது, அறுபத்தாறு வயது. மணியண்ணை என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லையாம். அவரும் யாழ்ப்பாணம்.)

"சேர், அது என் அம்மாதான். பொய் சொல்கிறார்" என்றேன்.

"இராணுவத்திடம் எதற்காக ஒரு தாய் அப்படிப் பொய் சொல்ல வேண்டும்?"

அதை விளக்க முப்பது வருடச் சரித்திரம் வேண்டும். கப்டன் போனை ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினார். "பேசு. எந்த மொழியிலும் பேசு."

"ஹலோ?" அம்மாவின் குரல்.

"அம்மா, நான் அன்ரன்."



"ஆரெண்டு தெரியேல்லைத் தம்பி. பிழையான நம்பருக்கு எடுத்திட்டீர்."

"அம்மா! நான்தானம்மா!"

"எனக்கு மகன் ஒருத்தரும் இல்லை. நான் தனிய இருக்கிற மனுசி."

என்னைப் பிடித்துவிட்டார்கள், பக்கத்தில் நின்று பேச வைக்கிறார்கள் என்று அம்மா நினைக்கிறார். அதை நான் அந்தக் குரலிலேயே கேட்டேன். ஒரு நடுக்கமும் இல்லாமல் பேசினார். மளிகைக் கடைக்காரரோடு பேசும் குரல். அந்தக் குரலைப் பிடித்து வைத்திருக்க அவர் என்ன பாடுபட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

கப்டன் என்னைப் பார்த்தார். போனை வைக்கக் கையை நீட்டினார். இனி மறைத்துப் பலன் இல்லை.

"அம்மா, என்னை ஒருத்தரும் பிடிக்கேல்லை. இது கனடா ஆமி. நானாத்தான் போய்ச் சேர்ந்தனான்."

"என்ன?"

"ஆமியில சேர்ந்திட்டனம்மா. ஆறு மாசமாச்சு. கொம்பியூட்டர் ட்ரெயினிங் எண்டது பொய்."

இப்போது வந்த மௌனத்தில் கப்டன் போன் செத்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். குனிந்தது தவறு.

"அட அறுவானே!"

கப்டன் நாற்காலியோடு பின்னால் போனார்.

"ஆமி எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது, நாங்கள் ஓடினம். நீ பஸ்ஸுக்குக் காசும் குடுத்து ஆமியைத் துரத்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறியேடா! மூண்டு நாளா நான் பச்சைத்தண்ணி குடிக்கேல்லை! உன்ர சப்பாத்தெல்லாம் தூக்கி எனக்கு இடுப்பு நாரி முறிஞ்சு போச்சு! வந்த பெட்டைக்கு நாலு கட்லட் வேற! நெல்லு மூட்டைக்குப் பின்னால உன்னை வைச்சது இதுக்கே? எலியள் உன்னை அப்பவே திண்டிருக்கலாம்!"

"அம்மா, ஸ்பீக்கர்ல—"

"ஸ்பீக்கர்ல எண்டால் இன்னும் நல்லது! அங்க ஆர் நிக்கிறது? பெரியவனே? அவனுக்குச் சொல்லு, இவனுக்குத் தேங்காய் உடைக்கத் தெரியாது, இவனிட்டச் சுடுற துவக்கைக் குடுத்திடாதை எண்டு!"

"என்ன சொல்கிறார்?" என்று கப்டன் மெதுவாகக் கேட்டார்.

"உறுதிப்படுத்துகிறார், சேர்."

அம்மா மூச்சு வாங்கினார். பிறகு, சந்தேகத்தோடு: "இப்ப என்னத்துக்கு எடுத்தனீங்கள்?"

வீட்டு வாடகைப் படியைப் பற்றிச் சொன்னேன்.

"அங்க கட்டில் தந்தவங்களே?"

"ஓம்."

"சாப்பாடு?"

"ஓம், அம்மா."

"பேந்து ஏன் வீட்டுக்கும் காசு கேக்கிறாய்? வெக்கமில்லையே உனக்கு?"

ஒட்டுமொத்தக் கனடிய இராணுவத்திலும் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. கப்டன் ஏற்கனவே பேனாவை எடுத்திருந்தார்.

"என் அம்மா கஸ்பே ஊரில் இருக்கிறார், அவரும் இப்படித்தான்" என்றார் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "அந்நியன் ஒருவனை யாரும் இவ்வளவு நேரம் இப்படி ஏசமாட்டார்கள். போ. போய் அவரிடம் மன்னிப்புக் கேள். இது உத்தரவு."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். எனக்கு வேலை இருந்தது, வீடு இருந்தது, அம்மா இருந்தார். மூன்றும் அரை மணித்தியாலத்துக்கு முன்னால் இருக்கவில்லை. அதைவிடப் பெரிய நிம்மதி ஒன்று: ஆறு மாதமாகச் சீருடையைக் களஞ்சிய லொக்கரில் ஒளித்து வைத்துக்கொண்டு திரிந்தேனே, அது முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவில் வீட்டுக்குப் போனபோது சீருடையோடே படியேறினேன். அம்மா கதவைத் திறந்து, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "தொப்பி பெரிசு" என்றார். உள்ளே போய்ச் சோறு போட்டார்.

நான் ஆமியில் ஆறு வருடம் இருந்தேன். வயிறு அப்படியேதான் இருக்கிறது. பிறகு கல்யாணமானது, மனைவிக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. என்மேல் கோபம் வந்தால், யார் என்னைத் தேடி வந்தாலும் "அப்படி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்று சொல்லி, வந்தவருக்குத் தேத்தண்ணியும் போட்டுக் கொடுப்பாள்.

போன மாதம் அம்மாவை லாசாலில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதிய தாதி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம். "பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டாள். அம்மா அட்டையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். என் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தரும் இல்லை" என்றார்.

தாதி என் பக்கம் திரும்பினாள். "அப்படியென்றால் நீங்கள் யார்?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.

"கீழ்வீட்டுக்காரன்" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். வெளியே வந்து காரில் ஏறும்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமியில் ஆறு வருடம் இருந்தும் எனக்குக் கிடைக்காத பதக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

"இப்பதான் கொஞ்சம் புத்தி வந்திருக்கு" என்றார்.