கம்ப்யூட்டருக்கு யூஜினி என்று பெயர் வந்த விவரம்

லோவெல், மாசசூசெட்ஸ்
1997 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனி கோரினுக்கு,

அக்காள் புருஷன் நார்மண்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் உயிரோடு இருக்கிறோம். அங்கே பிடிஃபர்டில் நீயும் உன் கோழிகளும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரத்து மழையில் உன் கூரை ஒழுகவில்லையே? கேட்க வேண்டிய மரியாதையெல்லாம் கேட்டாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காள் யூஜினி என்மேல் கோபித்துக்கொண்டு பெட்டியோடு பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்து இன்றோடு மூன்று நாள். நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிப் போனதே இல்லை. தகர டப்பாவைத் திறந்து ஆறிப்போன பீன்ஸைத் தின்றுகொண்டிருக்கிறேன், பூனைகூட என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. டெலிபோனில் பேசலாம்தான், ஆனால் அவளே எடுத்துவிட்டால் என்ன பேசுவதென்று தெரியாமல் மூன்று தடவை எண்களை அழுத்தி மூன்று தடவையும் வைத்துவிட்டேன். அவளைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்ப வேண்டியது உன் பொறுப்பு. அதற்கு நடந்தது முழுக்க உனக்குத் தெரிய வேண்டும், நடந்தது தெரிய எங்கள் கேர்ன்வுட் கம்பெனியின் சரித்திரமே தெரிய வேண்டும், ஆகையால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்.

இருபத்திரண்டு வருஷம் நான் தறி ரிப்பேர் செய்த ஆலை மூடியது உனக்கு ஞாபகமிருக்கும். அதே ஆலையின் மூன்றாம் மாடியை 1980-இல் ஹோலிஸ் பிராட்டில் என்கிற ஒரு மனுஷன் வாடகைக்கு எடுத்து, கம்ப்யூட்டர் செய்கிற கேர்ன்வுட் கம்பெனியைத் தொடங்கினான். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வருகிற அளவுக்குப் படித்தவன். அந்தக் கட்டடத்துச் சரக்கு லிஃப்ட் என் சொல்லைத் தவிர வேறு யார் சொல்லையும் கேட்காது, ஆகவே லிஃப்டோடு சேர்த்து என்னையும் வேலைக்கு எடுத்துக்கொண்டான். அதுவரை இன்ஜினியர்கள் எல்லோரும் ஒரே பெரிய கம்ப்யூட்டரின் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். “ஒரு ஆளுக்கு ஒரு மெஷின், நார்மண்ட். அவனவன் மேஜையில, அவனவனுக்கே. படம் போடணுமா, போட்டுக்க. யாரையும் கேக்க வேண்டாம்” என்றான் ஹோலிஸ். வொர்க்ஸ்டேஷன் என்றால் அவ்வளவுதான். ஆனால் எல்லா மெஷினையும் ஒரே கம்பியில் கோத்து ஒன்றோடொன்று பேசவைக்க வேண்டும் என்பதும் அவன் பிடிவாதம். பேச வேண்டுமென்றால் கூப்பிடப் பெயர் வேண்டுமல்லவா? பெயரில்லாத மெஷினைக் கம்பி சேர்த்துக்கொள்ளாது. அங்கேதான் என் தலையில் சனி ஏறி உட்கார்ந்தது.

முதல் எட்டு மெஷினுக்கும் மீன்களின் பெயர். ஒன்பதாவதை மறுநாளே ஒரு பெரிய மனிதர் பார்க்க வருகிறார், அதற்கோ இன்னும் பெயரில்லை. கம்பி வேலையைக் கவனித்த டீர்ட்ரா என்கிற பெண் விசைப்பலகைமேல் விரலை வைத்துக்கொண்டு கத்தினாள்: “பெரியவரே, ஒரு பேரு சொல்லுங்க. எதுவானாலும் சரி, சீக்கிரம்.” நானோ டெலிபோனில் இருந்தேன். மறுமுனையில் உன் அக்காள் பால் வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். “யூஜினி, ஒரு நிமிஷம் இரு” என்றேன். அவ்வளவுதான் கோரின், டீர்ட்ரா அதைத் தட்டிவிட்டாள். நல்லவேளை, ‘ஒரு நிமிஷம் இரு’ என்பதையும் சேர்த்துத் தட்டவில்லை. மாற்றச் சொன்னேன். மாற்ற வேண்டுமானால் எல்லா மெஷினையும் அணைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன், பாலை மறந்துபோனேன், திட்டு விழுவதற்கு முன்னால் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “கம்பெனியின் ஒன்பதாவது மெஷினுக்கு நான் உன் பெயரை வைத்தேன்” என்று சொல்லிவிட்டேன். அவளோ வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த சால்மன் மீனை எடுத்து, மாவுக்குள் பொதிந்து, அன்றைக்கே ‘பை’ என்கிற பலகாரம் சுட்டுப் போட்டாள். அந்தப் பையைத் தின்ற பிறகு எந்த மனுஷன் உண்மையைச் சொல்வான்? பதினாறு வருஷமாக அதை விழுங்கிக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் ஆட்கள் பெயர் வைத்த மெஷினை ‘அது’ என்று சொல்ல மாட்டார்கள், அவன் அல்லது அவள்தான். மறு வருஷம் பிப்ரவரிப் பனியில், கனெக்டிகட்டில் விமான இன்ஜின் வரைகிற ஒரு கம்பெனிக்கு மெஷினைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் ஞானஸ்நானத்துக்குப் போக வேண்டுமென்று உன் அக்காளும் என் காரில் ஏறிக்கொண்டாள். ஒரு சின்ன ஃபிரிட்ஜ் உயரம் இருந்த மெஷினை ஹோலிஸ் முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, தன் கோட்டையும் போர்த்திவிட்டான். பின் சீட்டில் மடியில் திரையும் கழுத்தில் வயருமாக உட்கார்ந்திருந்த உன் அக்காள், “முன்னாடி சொகுசா உக்காந்திருக்கிறது யாரு?” என்று கேட்டாள். “யூஜினி” என்றான் ஹோலிஸ். “அப்ப நான் யாரு?” ஹோலிஸ் எட்டி மெஷினின் கோட்டை இழுத்துவிட்டான். மெஷினுக்குச் சூடு ஆகாது என்று ஹீட்டரையும் போடவிடவில்லை. ஆனால் அங்கே அந்த மெஷின் ஒரு முழு இன்ஜினைத் திரையில் அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டியதும் நாற்பது மெஷின் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஹோலிஸ் ஓடிவந்து மெஷினின் தலையில் முத்தம் கொடுத்து, “ரொம்ப நன்றி யூஜினி” என்றான். “பரவாயில்ல, கால்தான் மரத்துப்போச்சு” என்றாள் உன் அக்காள்.

அதற்குப் பிறகு கேர்ன்வுட்டைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் மாடி போதாமல் முழு ஆலை, ஆலை போதாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடிக் கட்டடம், அதற்கு முன்னால் ஒரு குளம், குளத்தில் வாத்து. மூவாயிரம் பேர் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் பீர். மீன்கள் தீர்ந்து பறவைகள், பறவைகள் தீர்ந்து ஏரிகள், ஏரிகளும் தீர்ந்து பாலாடைக்கட்டி வகைகள் என்று பெயர் வைத்தோம். எந்தப் பெயர் எந்த மெஷின் என்று எனக்கு மட்டுமே மனப்பாடம், ஆகையால் தறி ரிப்பேர்க்காரனான என்னைப் பெயர்ப் பதிவாளர் ஆக்கிவிட்டார்கள். நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஃபிரிட்ஜ்மேல் ஒட்டியிருந்தது அந்தப் பதவி அச்சடித்த அட்டைதான். என் அம்மா இருந்திருந்தால் பார்த்துப் பூரித்துப்போயிருப்பாள்.

85-ஆம் வருஷத்து மாதாகோயில் விவகாரம் உன் காதுக்கு அரைகுறையாகத்தான் வந்திருக்கும். புதன்கிழமை சாயங்காலம் கோயில் கூடத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு நான் மைக்கில் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன் அக்காள் காய்ச்சலோடு வீட்டில். ஆபீஸிலிருந்து டீர்ட்ரா கூடத்து டெலிபோனுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்தது கோயில் காரியங்களைக் கவனிக்கிற திருமதி காமிரான். டீர்ட்ரா சொன்னது இது: “நார்மண்ட்கிட்ட சொல்லிடுங்க, யூஜினி போயிட்டா. மத்தியானத்துலேர்ந்து போராடிப் பாத்தோம், எழுப்ப முடியல. வேற வழியில்லாம பிரிச்சுட்டோம், உள்ள ஒண்ணு ரெண்டுதான் தேறும்.” அந்த அம்மாள் மைக்கைப் பிடுங்கி எல்லோரையும் மண்டியிடச் சொன்னாள். நான் யாருக்காக என்று தெரியாமலே கூட மண்டியிட்டேன். எனக்கு விஷயம் புரிந்து வீட்டுக்கு ஓடுவதற்குள் பாதிரியாரும் ஐந்து பெண்களும் சாவு வீட்டுக்கென்று சமைத்த மக்ரோனித் தட்டுகளோடு வாசல் மணியை அடித்துவிட்டார்கள். கதவைத் திறந்தவள் யூஜினி. “யாரு செத்தா?” என்று கேட்டாள். பாதிரியார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படியிறங்கினார். தட்டுகளை மட்டும் உன் அக்காள் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் வைத்துத் தின்று, தன் சாவுக்கு யார் வெண்ணெய் போட்டுச் சமைத்தார்கள், யார் மலிவான மார்கரினோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். மெஷினும் மறுநாள் புது டிஸ்க் போட்டுப் பிழைத்துக்கொண்டது.

பிறகு இறங்குமுகம். எங்கள் மெஷினுக்கு எங்கள் கம்பி, எங்கள் புரோகிராம், எங்கள் திருகாணிகூட எங்களுடையது. கலிபோர்னியாவில் சில பையன்கள் கடையில் கிடைக்கிற சாமான்களை வைத்தே, எல்லோருடைய மெஷினோடும் பேசுகிற மாதிரி செய்து பாதி விலைக்கு விற்றார்கள். “மலிவுச் சரக்கு. நம்ம ஜனம் நம்மகிட்டயே திரும்பி வரும், பாரு” என்று ஹோலிஸ் குளத்து வாத்துக்கு ரொட்டி போட்டுக்கொண்டே சொன்னான். வாத்து மட்டும்தான் திரும்பி வந்தது. 89-இல் ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கியது. முதல் வேலையாகக் கேர்ன்வுட் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள், இரண்டாவது வேலையாக, மெஷின்களுக்கு இனிமேல் பெயர் கிடையாது, கட்டட எண்ணும் மேஜை எண்ணும் மட்டுமே என்று உத்தரவு போட்டார்கள். நான் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு ஒன்பதாவது மெஷினைக் கைவண்டியில் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். எட்டு வருஷமாக அது நிலவறையில் ஓடுகிறது, அதன் இரைச்சலுக்கு மேலே உன் அக்காள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள்.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருவோம். பழைய கேர்ன்வுட் ஆட்கள் அறுபது பேர் கூடிய விருந்துக்கு மெஷினைக் கொண்டுபோயிருந்தேன். பேசச் சொன்னார்கள். நானும் எழுந்து பேசினேன்: “யூஜினி பதினாறு வருஷமா எங்கூட இருக்கா. காலையில எழும்ப நேரமாகும். சத்தம் ஜாஸ்தி. அசைக்க ரெண்டு ஆளு வேணும். புதுசா எதுவும் ஏறாது. இருந்தாலும் இவள விட்டுட்டு வேற ஒண்ணத் தேட எனக்கு மனசு வரல.” கூடமே சிரித்தது. நான் மெஷினைத்தான் தொட்டுக்கொண்டு பேசினேன், ஆனால் உன் அக்காள் தட்டில் ஒரு துண்டு பை பலகாரத்தோடு சரியாக என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. ஞாயிறு காலை நான் நிலவறையில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படியில் நின்று நீளமாக ஏதோ சொன்னாள். விசிறி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். மேலே வந்து பார்த்தால் பெட்டியைக் காணோம், பிடிஃபர்ட் பஸ்ஸில் ஏறினாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நானா அந்த மெஷினா என்று கேட்டிருப்பாள், நான் பாவி ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

கோரின், அவளில்லாமல் எனக்கு முடியாது. அந்த மெஷினைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுகிறேன் என்று சொல். இனிமேல் யார் கூப்பிட்டாலும் எழுந்து பேச மாட்டேன் என்று சொல். ஆனால் இந்தக் கடிதத்தை மட்டும் அவள் கண்ணில் காட்டாதே. பெயர் வந்த விதம் அவளுக்குத் தெரிந்தால் இத்தனை வருஷமும் வீணாகிவிடும். புனித அன்னாள் உன்னையும், உன் கூரையையும், கோழிகளையும் குறைவின்றிக் காக்கட்டும்.

உன் நலம் நாடும் அக்காள் புருஷன்,
நார்மண்ட் பூலியோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டெலிபோன் அடித்தது. உன் அக்காள்தான். உனக்கு நேற்றுக் கண்ணில் ஆபரேஷன் ஆயிற்றாம், கூடமாட இருக்க வந்திருக்கிறாளாம், இதைத்தான் என்னிடம் மூன்று தடவை சொன்னாளாம், படியில் நின்று சொன்னது நான்காவது தடவையாம். அடுப்புமேல் சீட்டு எழுதி வைத்திருக்கிறாள், இப்போதுதான் பார்த்தேன். “கோபமா? எதுக்கு?” என்று கேட்டாள். பேச்சைக் கேட்டு அவளும் சிரித்தாளாம், வாய் நிறையப் பை இருந்ததால் எனக்குத் தெரியவில்லையாம். கண் குணமாகும்வரை நீ எதையும் படிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பதால், வருகிற கடிதங்களை எல்லாம் அவள்தான் உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாளாம். கேட்டதும் இதைக் கிழிக்கத்தான் போனேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். யூஜினி, இதுவரை படித்திருப்பாய், கோரின் சிரித்து முடிக்கட்டும், இரு. அந்தப் பெயரை நான் வைக்கவில்லை, அது நிஜம். ஆனால் 89-இல் பெயர்களை அழித்துவிட்டு எண்களைப் போடு என்று என்னிடம்தான் சொன்னார்கள். மூவாயிரம் மெஷினுக்கும் போட்டேன். ஒன்றுக்கு மட்டும் கை வரவில்லை.