முகபாவத்தாலும் விடை கூறலாகாது

அறிவியல் டீச்சர் எந்த உள்நோக்கத்தோடும் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு அது. ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து பெஞ்சுகளின் மேல் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் அதன் மேல் படுத்துக்கொள்வார்கள். டீச்சர் ஆவியாதலைப் பற்றிப் பேசப் பேச, வகுப்பே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"ஒரு திருட்டு நடந்திருக்கு."

வகுப்பு கண்ணைத் திறந்தது.

"எங்க வீட்டுக் கொடியில ஈரத்துணி போட்டிருந்தேன். பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு ஆளும் வரல. துணி அப்படியே இருக்கு. ஆனா துணியோட இருந்த ஒருத்தனை மட்டும் காணோம். யார் அவன்? எங்க போனான்?"

பெஞ்சுகள் பரபரத்தன. காற்று என்றது ஒரு குரல், அழுக்கு என்றது ஒன்று. "கிளிப்பு டீச்சர்! எங்க வீட்டுலயும் அதுதான் காணாமப் போகும்" என்றது இன்னொன்று.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். முதுகை வளைத்து, தலையைக் கவிழ்த்து அவள் உட்காரும் விதத்தைப் பார்த்து வகுப்பு அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்திருந்தது. வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்று சொல்வாள். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அவள்தான் அன்று எழுந்து நின்றாள்.

"தண்ணி, டீச்சர்."

"சரி. எங்க போனான்?"

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கான். நம்ம மூக்குக்கு முன்னாடியே. கண்ணுக்குத்தான் தெரியல."

வகுப்பு கை தட்டியது. அன்றிலிருந்து கேள்விக்குறி ஆச்சரியக்குறி மாதிரி நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தாள். டீச்சரும் தினம் ஒரு புதிர் போட்டார். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. மேற்பார்வை அதிகாரி வராமல் இருந்திருந்தால் அப்படியே நன்றாகப் போயிருக்கும்.

அவர் வந்தது கழிப்பறைக் கதவுகளைச் சரிபார்க்க. நடைவழியில் போகும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் அவர் அதுவரை கேட்டறியாத சத்தம். கூட வந்த ஹெச்.எம். முகம் வெளுத்துப்போனார்.

"ஐயா, எங்க பிள்ளைங்க இப்படிச் சிரிக்க மாட்டாங்க. இன்னைக்கு என்னமோ தெரியல, மன்னிக்கணும்."

அதிகாரி உள்ளே வந்தார். பார்த்தார். டீச்சரைத் தனியாக அழைத்தார்.

"இது என்ன முறை?"

"முறையெல்லாம் இல்லைங்க சார். தூங்குறாங்களேன்னு ஒரு விடுகதை போட்டேன்."

"இல்லம்மா. இது ஒரு முறை. உங்களுக்குத்தான் தெரியல."

அடுத்த மாதமே 'புதிர்வழிக் கற்றல் பெருந்திட்டம்' எல்லாப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. சுற்றறிக்கையின் முக்கியப் பகுதி பின்வருமாறு: 'இனி அனைத்துப் பாடங்களும் புதிர், வினாடிவினா ஆகியவற்றின் வழியாக மட்டுமே கற்பிக்கப்படும். விடையை மாணவரே கண்டடைய வேண்டும் என்பதால், ஆசிரியர் எக்காரணம் கொண்டும் விடையை வாய்மொழியாகவோ, எழுத்து மூலமாகவோ, சைகையாலோ, முகபாவத்தாலோ வெளியிடலாகாது.'

ஹெச்.எம். நல்ல மனிதர். ஓய்வு பெறும்வரை எந்த வம்பிலும் மாட்டக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது. சுற்றறிக்கையை அவர் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்.

"சார், சாக்பீஸ் எங்க இருக்கு?" என்று டீச்சர் கேட்டால், "நேரடியாச் சொல்லக்கூடாதும்மா. தகரத்துக்குள்ள தூங்குவான், பலகையில தேய்வான், அலமாரிக்கு மேல இருப்பான். நீங்களே கண்டுபிடிங்க" என்பார்.

புதிரைப் போட்டுக்கொண்டு போனால் போதும் என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தார். ஆனால் தரம் என்று ஒன்று இருக்கிறதே. அதைக் காக்க தலைமை அலுவலகத்தில் புதிர் ஒப்புதல் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆசிரியர்கள் போடும் புதிரை முன்கூட்டியே அங்கே அனுப்ப வேண்டும். குழுவுக்கு விடை தெரியாவிட்டால் 'விடையற்றது' என்று திரும்பி வரும். உடனே தெரிந்துவிட்டால் 'தரமற்றது' என்று திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே தப்பிப் பிழைத்தவை அச்சாகிப் புத்தகமாக வந்தன.

டீச்சரின் துணிப் புதிரும் அதில் இருந்தது. நான்கு விடைகளோடு மேம்படுத்தப்பட்டிருந்தது. 'காணாமல் போனது எது? அ) துணி ஆ) கொடி இ) நீர் ஈ) மேற்கண்ட அனைத்தும்.' சரியான விடை: ஈ.

டீச்சர் பஸ் ஏறித் தலைமை அலுவலகத்துக்குப் போனார். மின்விசிறிக்கு நேர் கீழே, பறக்காமல் இருக்கக் காகிதங்களின் மேல் முழங்கையை ஊன்றியபடி பிரிவு எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"சார், துணி எங்கயும் போகல. கொடியும் போகல. தண்ணி மட்டும்தான் போச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புதிரைப் போட்டதே நான்தான் சார்."

"அப்போ நீங்க சம்பந்தப்பட்ட ஆள். உங்க பேச்சை எடுத்துக்க முடியாது."

"துணியே போயிடுச்சுன்னா அப்புறம் மனுஷன் எதை உடுத்துறது?"

"அது வேற புதிர். தனியா அனுப்புங்க." எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "இதுல நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. குழுவுல ஒருத்தர் தண்ணின்னார். இன்னொருத்தர் வீட்டுல துணியே காணாமப் போயிருக்கு. தலைவர் வீட்டுல கொடியையே அறுத்துட்டுப் போயிட்டாங்க. யார் மனசும் நோகக் கூடாதில்ல? அதான் எல்லாத்தையும் சேர்த்துட்டோம்."

"ஆனா உண்மை...?"

"ஏகமனதா நிறைவேறியிருக்கும்மா. உண்மைக்கு அதைவிட என்ன வேணும்?"

பிள்ளைகள் புத்திசாலிகள். புத்தகம் வந்த வேகத்திலேயே அதற்கான விடைநூலும் கடைக்கு வந்துவிட்டது. அதில் கேள்விகளே இல்லை. கேள்வி இருந்தால் பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள் என்று பதிப்பாளர் முன்னுரையில் விளக்கியிருந்தார். கேள்விக்குறியின் அப்பா தையற்காரர். ஒருநாள் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு பள்ளிக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், என் பொண்ணு பொழுது முழுக்க 'இ, ஈ, அ, ஆ'ன்னு ஒப்பிக்கிறா. ஒண்ணாம் வகுப்புல ஒழுங்கா வரிசையாச் சொன்னாளே, இப்போ ஏன் வரிசை மாறிப்போச்சு?"

டீச்சர் என்ன சொல்வார்? அதற்கும் விடை கூறலாகாது.

துணிப் புதிர் வகுப்புக்கு வந்த நாளில்தான் அது நடந்தது. டீச்சர் புத்தகத்தில் இருந்ததை இருந்தபடியே வாசித்தார். வகுப்பு ஒரே குரலில் "ஈ!" என்றது. கேள்விக்குறி மட்டும் எழுந்து, "இ. தண்ணி" என்றாள். டீச்சர் விதிப்படி அவள் பெயருக்கு எதிரே தவறு என்று குறித்தார்.

"டீச்சர், தண்ணிதானே? நீங்கதானே அன்னைக்குச் சரின்னீங்க?"

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. முகபாவமும் கூடாது என்பதால் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது, கடைசி பெஞ்சில் அந்த முதுகு பழையபடி வளைந்திருந்தது.

அன்று வீட்டில் டீச்சர் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கணவர் எலக்ட்ரீஷியன். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு சொன்னது சரியா, தப்பா?"

"சரிதாங்க."

"அப்போ சரின்னு சொல்லிட்டுப் போ. ஸ்விட்சைப் போட்டா லைட் எரியணும். அதுக்கு ஒரு குழுவா?"

மறுநாள் டீச்சர் வகுப்புக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலையும் இழுத்து மூடினார்.

"பிள்ளைங்களா, நான் இப்போ ஒரு காரியம் பண்ணப் போறேன். வெளிய யாருக்கும் தெரியக் கூடாது."

வகுப்பு மூச்சை அடக்கியது.

"விடையச் சொல்லப் போறேன்."

"ஐயோ டீச்சர்!" என்றாள் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, கன்னத்தில் கை வைத்து.

டீச்சர் சொன்னார். தண்ணீர் எப்படிச் சூடாகிறது, எப்படிக் காற்றில் கலக்கிறது, மேகமாகி எப்படித் திரும்பி வருகிறது என்று நேராக, தெளிவாக, ஒரு புதிரும் இல்லாமல் சொன்னார். கேள்விக்குறியைப் பார்த்து, "நீ சொன்னது சரி" என்றார். பாடம் என்று சொல்லப்படும் அந்தச் சாதாரணப் பொருளைப் பிள்ளைகள் திருட்டு மாங்காய் போலத் தின்றார்கள். அடுத்த நாள் அவர்களே கதவைச் சாத்தினார்கள். குரல் பெரிதாக உள்ள ஒருத்தி கதவருகே காவல் நின்றாள். யாராவது வந்தால் இருமுவாள். தொடர்ந்து பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் வந்து, "எங்களுக்கும் ஒரு விடை சொல்லுங்க டீச்சர்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கெஞ்சினார்கள்.

விஷயம் ஹெச்.எம். காதுக்குப் போனது. வேர்த்துப்போய் ஓடி வந்தார். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார்.

"என் வேலையும் சேர்ந்து போயிடும்மா! உங்களுக்கு என்ன தைரியம்!" கொஞ்ச நேரம் நின்றார். போகவில்லை. கடைசியில் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். "வந்தது வந்துட்டேன். வானம் ஏன் நீலமா இருக்கு? ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருக்கேன்."

கேள்விக்குறி இப்போது முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். ஒரு கேள்வி முடியுமுன் அடுத்ததைக் கேட்டாள். அப்படி அவள் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் கதவருகே இருமல் கேட்டது. அரைநொடியில் வகுப்பு முழுக்கப் புதிர்ப் புத்தகங்கள் விரிந்தன. கேள்விக்குறிக்கு மட்டும் இருமல் காதில் விழவில்லை.

"விடையச் சொல்லுங்க டீச்சர், விடையச் சொல்லுங்க!"

மேற்பார்வை அதிகாரி ஜன்னல் இடுக்கு வழியாக வெகுநேரமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலை போனால் போகட்டும், கணவர் வருமானத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்று அந்த நேரத்தில் மனசுக்குள் முடிவே செய்துவிட்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஓர் ஈடுபாட்டைப் பார்த்ததில்ல. எப்படிம்மா?"

"ஒண்ணுமில்ல சார். பாடம் நடத்தினேன்."

"அது இல்ல." அவர் கதவைத் தட்டிப் பார்த்தார், தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். "கதவு! ரகசியம்! இருமல்! அதுல இருக்கு விஷயம்."

'மறைவுக் கற்பித்தல் பெருந்திட்டம்' வந்தது. எல்லா வகுப்பறைகளும் பாட நேரத்தில் தாழிடப்பட வேண்டும். கதவில்லாத பள்ளிகளில் கதவு இருப்பதாகப் பாவித்துத் தாழிட வேண்டும். காவலுக்கு நிற்கும் மாணவருக்கு அடையாள அட்டை உண்டு. இருமல் பயிற்சி காலை இறைவணக்கத்தின்போது நடைபெறும். பெற்றோர் இதை அறியாதவர்களாக நடந்துகொள்ள வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. பள்ளி வாசல் அறிவிப்புப் பலகையில் தினமும் எழுதினார்கள்: 'இன்றைய ரகசியம்: தாவரத்தின் பாகங்கள்.'

பிள்ளைகள் மறுபடி கொட்டாவி விட்டார்கள்.

டீச்சருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ரகசியப் பாடங்களின் மேற்பார்வையாளர். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். பிறகு யோசித்தார். உள்ளே போனால்தானே இதையெல்லாம் நிறுத்த முடியும்? கணவரிடம் அப்படித்தான் சொன்னார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார். வழியில் பள்ளி வாசலில் கேள்விக்குறி காத்திருந்தாள்.

"அங்க போயும் விடை சொல்வீங்களா டீச்சர்?"

"அங்க போய் எல்லாருக்கும் சொல்லச் சொல்வேன்" என்றார் டீச்சர். மனதார நம்பித்தான் சொன்னார்.

புது வேலையில் அவர் போன முதல் பள்ளி ஊருக்கு வெளியே இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போனார். ஒரு வகுப்பறையின் கதவு விரியத் திறந்திருந்தது. காவல் இல்லை, இருமல் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியார் ஒருவர், மீசை இன்னும் சரியாக அரும்பாத இளைஞர், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நடுவே ஒரு வாளித் தண்ணீர். சுற்றிலும் பிள்ளைகள். இரும்பு ஆணி ஏன் முங்குகிறது, அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் ஏன் முங்கவில்லை என்று ஒரே சண்டை. வாத்தியாரும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

டீச்சர் தன்னை மறந்து நின்றார். எப்போது உள்ளே போனார், எப்போது பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு பிள்ளை அடித்த தண்ணீர் முகத்தில் பட்டபோது வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"அருமை தம்பி, அருமை! இது உங்களோட போயிடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

வாத்தியார் அந்தப் பேனாவைப் பார்த்தார். எழுந்து நின்றார். நனைந்த கைகளைக் குவித்தார்.

"மேடம், உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். எழுதிடாதீங்க."

"பயப்படாதீங்க தம்பி" என்றார் டீச்சர் கனிவாக, மூடியைக் கழற்றியபடி. "பாராட்டித்தான் எழுதப் போறேன்."