மூன்றாம் மாடி முட்டிகள்

"உங்களுக்கு நிஜ மாத்திரை, எனக்குச் சும்மா மாத்திரை! இதைச் சொல்ல டாக்டர் எதுக்கு? இந்தப் படிக்கட்டே சொல்லுது!"

"கத்தாதே, ரெண்டாம் மாடிக்காரங்க கதவைத் திறந்துட்டு..."

"திறக்கட்டும்! நல்லாப் பார்க்கட்டும். பொண்டாட்டி கைப்பிடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, புருஷன் கன்னுக்குட்டி மாதிரித் துள்ளிக்கிட்டுப் போறாரு."

"நான் எங்கடி துள்ளினேன்? பை கனமா இருக்கேன்னு கொஞ்சம் வேகமா ஏறினேன்."

"கனமான பையோட, வேகமா! கேட்டுக்கிட்டீங்களா? அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாரு!"

இந்தக் 'கேட்டுக்கிட்டீங்களா' தனக்கில்லை என்பது மட்டும் மெக்கானிக்குக்குப் புரிந்தது. இரண்டாம் மாடிக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கிய கை அது. ஓய்வு பெற்ற பிறகு அவர் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. இதை அவருக்கு ஞாபகப்படுத்த அவர் மனைவி ஒரு நாளும் மறந்ததில்லை. அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைத்தவள். அக்கம்பக்கத்தில் தையலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷின் மிதித்து மிதித்து அவளுக்கு முட்டி போயிற்று. லிஃப்ட் குழிக்குள் மண்டி போட்டே அவருக்குப் போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் முட்டி வலிக்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில், உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது.

"எனக்கே தெரியாதும்மா," என்றார் மாத்திரை கொடுத்த சிஸ்டர்.

"தெரியாமலே எப்படி வேலை பார்க்கறீங்க?"

"தெரியாம இருக்கறதுதாம்மா என் வேலை."

பிறகு சிஸ்டர் மெக்கானிக் பக்கம் திரும்பி, "வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க ஐயா," என்று கேட்டார்.

"இவ பேசும்போதா, பேசாதபோதா?"

சிஸ்டர் சிரிக்காமல் ஏழு என்று எழுதிக்கொண்டார். ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். அவருடையதில் நீலச் சீட்டு, அவளுடையதில் சிவப்புச் சீட்டு.

சில வாரங்களிலேயே நீலச் சீட்டுக்காரருக்கு முட்டி இளகிவிட்டது. சிவப்புச் சீட்டுக்காரி ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று பெருமூச்சு விட்டாள். அதற்குத்தான் இன்றைக்குப் படிக்கட்டில் இந்தக் கச்சேரி.

மெக்கானிக்குக்கு அவள் திட்டியது உறைக்கவில்லை. அது பழகிப் போன சத்தம். உறைத்தது வேறு. மகன் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தான்.

"இந்த மாத்திரைக்குக் கேட்டா சரிப்பா. கேக்கலேன்னா இந்தப் படியெல்லாம் உங்களுக்கு ஒத்து வராது. வீட்டைக் காலி பண்ணிடலாம். அப்பா என்கூட, அம்மா அக்காகூட. என் வீட்ல இருக்கறது ஒரு ரூம். அவ வீட்ல ஹால்ல ஒரு கட்டில்தான் போட முடியும்."

மகன் ஒரு ஊர், மகள் ஒரு ஊர். நடுவில் ஒரு பகல் முழுக்க ரயில் ஓடும். மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். மருமகளிடம் சண்டை போட முடியாது, மரியாதை இல்லை. மகனிடம் போட்டால் அவன் உடனே விட்டுக்கொடுத்துவிடுவான், அதில் ருசி இல்லை. இவளோடு போடுகிற சண்டையை வேறு யாரோடு போய்ப் போடுவது?

மறுநாள் காலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு டப்பாவையும் எடுத்தார். நீலத்தில் இருந்ததை ஒரு டம்ளரில் கொட்டினார், சிவப்பில் இருந்ததை இன்னொரு டம்ளரில் கொட்டினார். டம்ளர்களை இடம் மாற்றித் திரும்ப டப்பாக்களில் நிரப்பினார். நிஜ மாத்திரை அவளுக்கு, சும்மா மாத்திரை தனக்கு. வேலை சுத்தம். பிறகு தியாகி முகத்தோடு முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பிப் போனார்.

அடுத்த நாளே பலன் தெரிந்தது. மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"என்ன, முட்டி எப்படி?"

"என்னமோ... தேவலை," என்று அவர் முகத்தைப் பார்க்காமலே சமையலறைக்குள் போய்விட்டாள்.

மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்தது. நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே திரும்ப உட்கார்ந்தார். எண்ணெய் காணாத கப்பி மாதிரி முட்டி கிறீச்சிட்டது. பின்னே? சும்மா மாத்திரைதானே உள்ளே போயிருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தான்.

"என்னப்பா இது, போன தடவை நல்லாத்தானே இருந்தீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லே. காலு மரத்துப் போச்சு."

"இனிமே சால்ஜாப்பு வேண்டாம். ஆஸ்பத்திரியில இந்த மாசம் பார்த்துட்டு என்ன சொல்றாங்களோ அதோட முடிவு. நான் வண்டி பேசிடறேன். ரெண்டு வண்டி."

சமையலறையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது.

அந்த 'ரெண்டு வண்டி' மெக்கானிக்கை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கியவள் மறுபடியும் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றாள்!

"என்னடி ஆச்சு?"

"முட்டி பழையபடி ஆயிடுச்சு. என் தலையெழுத்து. நீங்க எப்படி இருக்கீங்க? தேவலையா?"

"எனக்கென்ன, அப்படியேதான் இருக்கு."

"அப்படியேவா? கொஞ்சம்கூடவா தேவலை இல்லே?" என்றாள் அவள், ஏதோ வாங்கின துணி சாயம் போய்விட்டது போல.

அவர் உட்கார்ந்து யோசித்தார். நிஜ மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு எப்படி வலிக்கும்? ஒருவேளை அந்தக் கொட்டு கொட்டியதில் டம்ளரைத் தப்பான பக்கம் கவிழ்த்துவிட்டோமா? எது எந்த டப்பாவில் இருக்கிறது? இனி ஒரே வழிதான். இரண்டையும் ஒரு பாத்திரத்தில் கொட்டினார். கரண்டி போட்டு நன்றாகக் கலந்தார். கண்ணளவில் பாதிப் பாதியாகப் பிரித்தார். ஆளுக்குப் பாதி நிஜம், பாதி சும்மா. பாதி முட்டியாவது இரண்டு பேருக்கும் மிஞ்சும்.

"என்ன பண்றீங்க அங்கே?"

"மாத்திரையில ஈரம் பட்டுடுச்சு. உலர்த்தறேன்."

"ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டீங்களா? ஐயோ, இனிமே எது எதுன்னு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியதை மெக்கானிக் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். ஆனாலும் ஏன் என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை.

சோதனை நாள் வந்தது. மகன் இருவரையும் டாக்ஸியில் கூட்டிப் போனான். ஆராய்ச்சிப் பிரிவு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில். லிஃப்ட் நடுவில் நின்றுபோயிருந்தது.

"நான் வேணா ஒரு தடவை பார்க்கறேனே, ஸ்பேனர் இருக்கா கேளு," என்றார் மெக்கானிக்.

"நீங்க சும்மா உட்காருங்கப்பா. நான் போய் ரெண்டு சக்கர நாற்காலி கேட்டுட்டு வரேன்."

அவன் நகர்ந்ததும் மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. மாத்திரையில ஏதாவது வித்தியாசம் கண்டுபிடிச்சாங்கன்னா நீ பேசாம இரு. மாத்தினது நான்தான்னு சொல்லிடறேன்."

தையலம்மா விழித்தாள். "நீங்க எங்க மாத்தினீங்க? மாத்தினது நான்!"

"என்னது?"

"முடி வெட்டிக்கப் போனீங்களே, அன்னிக்கு. உங்களோடதை என் டப்பாவுலயும் என்னோடதை உங்க டப்பாவுலயும் மாத்திப் போட்டேன். உங்களுக்குத்தான் சரியாயிடுச்சே, எனக்கும் சரியாயிட்டா அவன் நம்மளைப் பிரிக்க மாட்டானேன்னு..."

"அடிப்பாவி! அன்னிக்குக் காலையிலதானே நான் மாத்தி வெச்சேன்! நீ எடுத்தது என்னோடது இல்லே, உன்னோடதேதான்!"

"என்னோடதைச் சாப்பிட்டா எனக்கு எப்படிங்க நல்லாச்சு?"

"என்னோடதைச் சாப்பிட்டு எனக்கு ஏண்டி வலிச்சுது?"

அவர் கோபத்தில் எழுந்து படியேறினார். பதில் சொல்லாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்குமா? பின்னாலேயே ஏறினாள்.

"கேட்டுட்டு மாத்தியிருக்கலாமில்லே?"

"நீ கேட்டியா? திருட்டுத்தனமா எடுத்துக்கிட்டே!"

"திருடினதைத் திருப்பியும் வெச்சேனே! ரெண்டு வண்டின்னு அவன் சொன்னதைக் கேட்டு, நீங்க நொண்டறதைப் பார்க்க முடியாம, மறுபடியும் மாத்திப் போட்டேன்!"

"திருப்பி வேற மாத்தினியா? அதைத்தான் நான் போட்டுக் கலக்கினேனா!"

"யார் கலக்கச் சொன்னா? கரண்டி கிடைச்சா எதை வேணா கலக்கிடறதா?"

முதல் மாடி போயிற்று. இரண்டாம் மாடியில் ஒரு நோயாளி இவர்களுக்கு ஒதுங்கி வழி விட்டார். மூன்றாம் மாடியில் ஆராய்ச்சிப் பிரிவுக் கதவை இருவரும் ஒரே நேரத்தில் தள்ளினார்கள். இரண்டு பேரும் ஒருசேர நுழைய முடியாமல் வாசலில் கொஞ்சம் சிக்கி, அப்புறம் உள்ளே போனார்கள். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குப் பின்னால் மகன் வந்தான். நாற்காலி கேட்டுவிட்டுத் திரும்பியபோது இருவரையும் காணோமென்று தேடி, சண்டைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்திருந்தான். கதவுச் சட்டத்தில் சாய்ந்து வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"உட்காருங்க தம்பி, முட்டி வலி உங்களுக்கா?" என்று அங்கிருந்த ஆயா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சிஸ்டர் இரண்டு டப்பாவையும் வாங்கித் திறந்தார். நீலத்தில் இருக்க வேண்டியதைவிட அதிகம் இருந்தது. சிவப்பில் குறைந்திருந்தது. அவர் புருவத்தை மட்டும் உயர்த்தினார். அதற்கே இருவரும் உளறிக் கொட்டிவிட்டார்கள். டம்ளர், முடி வெட்டு, கரண்டி, ரெண்டு வண்டி, எல்லாம்.

"நான்தான் சிஸ்டர் ஆரம்பிச்சேன். நிஜ மாத்திரை இவளுக்குப் போகட்டும்னு."

"இல்லே சிஸ்டர், குழப்பினது நான். உங்க ஆராய்ச்சியையே கெடுத்துட்டோமா? எங்களை வெளியே அனுப்பிட்டா இவன் எங்களை ஆளுக்கொரு பக்கம் அனுப்பிடுவான்."

"நான் ஒண்ணும்..." என்று மகன் மூச்சு வாங்கினான். "நீங்க அங்கேயே இருந்து தொலைங்க. வண்டியெல்லாம் வேண்டாம். எனக்குத் தண்ணி குடுங்க யாராவது."

தையலம்மா தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினாள். கண் மட்டும் சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, சிஸ்டர். இந்த மனுஷனோடதுதானே நிஜ மாத்திரை?"

"எப்படிடி? கடைசியில பார்த்தா உன்னோடதுதான் நிஜம்!"

சிஸ்டர் இரண்டு டப்பாவையும் மூடி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க மாத்தினதை எழுதிவெச்சு டாக்டர்கிட்டச் சொல்லத்தான் போறேன், ரெண்டு பேரும் நல்லாத் திட்டு வாங்குவீங்க. ஆனா ஒரே வீட்டுல ரெண்டு பேர் சேர்ந்தா இப்படி மாத்திக்குவாங்கன்னு தெரிஞ்சுதான், ஒரு வீட்டுக்கு எப்பவும் ஒரே மாத்திரையைக் குடுக்கறோம். நிஜமோ சும்மாவோ, முதல் நாள்லேருந்து உங்க ரெண்டு டப்பாவிலயும் இருக்கறது ஒண்ணேதாம்மா."