ரப்பர் செடியும் ரிலாக்ஸ் மாஸ்டரும்

திருப்பூரில் துணியை வெட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாற்பது பேர் இருப்பார்கள். துணியைத் தூங்க வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் காத்த கட்டிங் மாஸ்டர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான்.

பனியன் துணி சாயம் ஏறி, இழுபட்டு, ரோலாகச் சுற்றி வந்து இறங்கும். அதைப் பிரித்து விரித்து ஒரு நாள் சும்மா போட்டுவைக்க வேண்டும். இதற்குப் பெயர் ரிலாக்ஸ் பண்ணுவது. போட்டுவைக்காமல் வெட்டினால் பிறகு சுருங்கி, அப்பாவுக்குத் தைத்தது பிள்ளைக்குத்தான் ஆகும். எல்லாக் கம்பெனியிலும் இந்த வழக்கம் உண்டு. அவசரம் என்றால் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வதும் உண்டு. எங்கள் மாஸ்டரிடம் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. அதனால்தான் ரிலாக்ஸ் மாஸ்டர் என்ற பெயரே வந்தது. அவர் ஒரு நிமிடம் ரிலாக்ஸாக இருந்து நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அதே கம்பெனியில் நான் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டுக்காரர்களுக்கு ‘நாளை அனுப்பிவிடுகிறோம்’ என்று மெயில் எழுதுவதும், அந்த நாளையைக் காப்பாற்ற மாஸ்டரோடு மல்லுக்கட்டுவதும்தான் என் பிழைப்பு.

“மாஸ்டர், கப்பல் போயிருமுங்க!”

“போகட்டுமுங்க அம்மிணி. துணியும் அசதியாத்தான வந்திருக்குது? எந்திரிக்கட்டும், வெட்டிக்கலாம்.”

அப்படிப்பட்டவருக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இனி கட்டிங் ஹாலுக்குள் காலே வைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர். என்னுடைய ஏசி அறையிலேயே அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, சாம்பிள் பேட்டர்னை, அதாவது துணி வெட்டுகிற அளவுக் காகிதத்தை, மட்டும் சரிபார்த்தால் போதும் என்றார். மாஸ்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, இந்த ஐஸ் பொட்டிக்குள்ள மனுசன் இருப்பானுங்களா? பத்து நாள் பாக்கறேன். ஆகலீன்னா தாராபுரத்துல மக ஊட்டுக்குப் போயிருவேன்.”

எனக்குத் திக்கென்றது. பேட்டர்னை ஒரு தடவை பார்த்தாலே கழுத்து எங்கே பிடிக்கும், கை எங்கே இறங்கும் என்று சொல்லிவிடுகிற ஆள். அவர் போனால் பாதி சாம்பிள் திரும்பி வரும். அது போகட்டும், அவர் இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவேன்?

அதே வாரம் முதலாளி ஒரு ரப்பர் செடி வாங்கிவந்தார். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஒருவருடைய ஆபீஸில் பார்த்து ஆசைப்பட்டாராம். நர்சரி வெயிலில் வளர்ந்த செடி நேராக ஏசிக்குக் கீழே வந்து நின்றது. மூன்று நாளில் ஐந்து இலை உதிர்ந்தது.

“தூக்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் செடி ஒண்ணு வாங்கிக்கலாம்” என்றார் முதலாளி.

மாஸ்டர் எழுந்தார். “வெயில்ல இருந்தத ஒரேயடியா உள்ளார கொண்டாந்து வெச்சா எப்படீங்க? ரிலாக்ஸ் பண்ணுனீங்களா?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

அன்றே தொட்டி வராந்தாவுக்குப் போனது. துணி ரோலில் கட்டுகிற லாட் கார்டு ஒன்றைச் செடியின் கழுத்தில் கட்டினார். வந்த தேதி, இலை எத்தனை, நிறம் எப்படி, எல்லாம் அதில் இருந்தது. முதலில் வராந்தா நிழல், பிறகு கதவோரம், கடைசியாக ஏசிக் காற்று படாத கிழக்கு ஜன்னல். இதுதான் திட்டம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். ஈரம் தட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. செடி போன இடத்துக்கெல்லாம் அவர் நாற்காலியும் போனது. பேட்டர்ன் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

“புது எடமில்லீங்களா? தொணைக்கு ஒரு ஆளு வேணுமுங்க” என்றார்.

மாஸ்டர் சொன்ன பத்து நாளில் ஒன்பதாம் நாள், செடி கதவோரத்துக்கு வந்த பிறகு, இன்னொரு இலை விழுந்தது. மாஸ்டர் அதை எடுத்துப் பார்த்து, லாட் கார்டில் குறித்துக்கொண்டார். மறுநாள் டிபன் பையோடு பெரிய துணிப்பை ஒன்றையும் கொண்டுவந்தார். முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று அவர் அறை வாசலில் போய்க் காத்திருந்தார்.

பதற்றத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. செடி பளபளவென்று நின்றால் மனிதர் மனம் மாறுவார் என்று தோன்றியது. தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயை எடுத்து, ஒவ்வொரு இலையாகத் துடைத்துவிட்டேன். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிங் ஹால், ஹால் முழுக்கப் பறக்கும் பஞ்சு. மத்தியானத்துக்குள் ரப்பர் செடி கம்பளி போர்த்திக்கொண்டு நின்றது.

முதலாளியைப் பார்க்க முடியாமல் திரும்பி வந்த மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார்.

“இதாருங்க பண்ணுனது?”

“நான்தானுங்க.”

“என்ன எண்ணெய்ங்க?”

“மெஷின் எண்ணெய்ங்க.”

“எட்டாவது படிச்ச நானு பண்ணுனாலும் ஒரு நாயமிருக்குது. இத்தன படிச்சுப்போட்டு, மெஷினுக்கு உடறத செடிக்கு உடுவீங்களா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நீங்க போறேன்னீங்களே, அதுக்குத்தானுங்க பண்ணுனேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பையை மேசைக்கடியில் வைத்தார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரும் பனியன் வேஸ்ட் துணியும் கேட்டார். எண்ணெய் ஒரே நாளில் போகிற சாமானா? முன்பக்கம், பின்பக்கம், காம்பு என்று நான்கு நாள் துடைத்தார். நான் வாளி பிடித்தேன்.

துடைத்து முடித்ததும் செடி ஜன்னலுக்குப் போனது, நாற்காலியும் போனது. மூன்று வாரம் கழித்து நுனியில் சிவப்பாக ஒரு குருத்து நீட்டியது. மாஸ்டர் டேப் வைத்து அளந்து, “ஒண்ணேகால் இஞ்சுங்க!” என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர். ஏசிக்கு அவர் பண்ணிக்கொண்ட ஏற்பாடு.

மெதுவாகக் கேட்டேன். “ஊருக்கு எப்பங்க மாஸ்டர்?”

“இப்பத்தான அம்மிணி எலை உட்டிருக்குது? இந்நேரம் எடத்த மாத்துனா வாடிப்போயிருமுங்க.”

அந்த ஜன்னலோரத்தில் ஏழு வருடம் இருந்தார். கடைசி நாள்வரை எந்தச் சாம்பிளும் அவரைத் தாண்டித் தப்பாகப் போனதில்லை. நாங்கள் சண்டை போடாத நாளும் இல்லை.

இப்போது அவர் இல்லை. செடி கூரையை முட்டி வளைந்து நிற்கிறது. போன மாதம் ஆபீஸுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள், ஜன்னலோரத்தில் இருந்த மாஸ்டருடைய ஓட்டை நாற்காலியை வெளியே போட்டுவிடலாமா என்று கேட்டார்கள்.

“வேண்டாமுங்க, எடுத்தா வாடிரும்” என்றேன்.

“செடி நல்லாத்தானுங்க இருக்குது” என்றார்கள்.

நான் செடியைச் சொல்லவில்லை.