ஏழாம் வளைவில் ஒளிவிளக்கு

மனித குலம் தோன்றிய நாள் முதல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த வீழ்ச்சி முறையாகவும், தெளிவாகவும், உரிய மரியாதையோடும் படம் பிடிக்கப்படுவது கடந்த பதினொரு ஆண்டுகளாகத்தான். இதற்குக் காரணம் ஒரே ஒருவர். அவரே நம் படக்காரர்.

மலை உச்சியிலிருந்து சைக்கிளைச் சரிவில் விட்டு, கல்லும் வேரும் சேறுமான பாதையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கும் பந்தயத்துக்கு அவர் ஆஸ்தானக் கலைஞர். மற்ற படக்காரர்கள் அடிவாரத்தில், முடிவுக் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஜெயித்தவன் வந்து பல்லைக் காட்டுவான், இவர்கள் எடுப்பார்கள். இதில் என்ன கலை இருக்கிறது? நம்மவர் அப்படியல்ல. பட்டப்பகலிலும் இருண்டு கிடக்கும் மரக்கூட்டத்துக்குள், ஏழாம் வளைவில், குப்புறப் படுத்துக்கொள்வார். ஆரஞ்சுச் சட்டை, மனைவியின் பூப்போட்ட தொப்பி, இரண்டு பக்கமும் இரண்டு பிளாஷ். விசையை ஒருமுறை அழுத்தினால் எட்டுப் படம், எட்டு மின்னல். இரண்டாவது படத்தில் ஆள் சாய்வார், ஐந்தாவதில் பறப்பார். எட்டாவது பெரும்பாலும் ஷூ கழன்ற கால்.

முதல் படத்தை அவர் பார்ப்பதே இல்லை, உடனே அழித்துவிடுவார். அதில் ஆள் ஒழுங்காக வந்துகொண்டிருப்பார். அது யாருக்கு வேண்டும்?

ஒத்திகை நாட்களில் அவர் மலையேறுவதில்லை. முதலாவது, மூட்டுவலி. இரண்டாவது, ஒத்திகையில் விழுந்தவனை எந்தப் பத்திரிகையும் சீந்துவதில்லை. ஆனால் ஒத்திகையில் ஏழாம் வளைவில் யாருமே விழுந்ததில்லை என்பது ஒரு விந்தை. இந்த விந்தையை ஆராயவே, பந்தயம் நடத்தும் சைக்கிள் சங்கத்தில் ஒரு ‘பாதுகாப்புக் குழு’ இருந்தது. அதில் படக்காரர் ‘வல்லுநர் உறுப்பினர்’.

“ஒத்திகையில பூரா பேரும் பூ மாதிரி வர்றானுங்க. பந்தயத்தன்னிக்கு மட்டும் பத்தொன்பது பேர் மண்ணைக் கவ்வுறானுங்க. எப்படிய்யா?” என்றார் தலைவர்.

“பதற்றம்தான் சார். படத்தைப் பாருங்க, மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு” என்றார் படக்காரர்.

செயலாளர் ஒரு தாளைப் புரட்டினார். “போன வருஷம் விழுந்தவர் ஒருத்தர், கண்ணுல பளிச்சுனு என்னமோ அடிச்சுதுன்னு எழுதிக் கொடுத்திருக்காரு சார்.”

“விழுந்தா கண்ணுல பொறி பறக்காம வேற என்ன பறக்கும்?”

“விழறதுக்கு முன்னாடியே பறந்துச்சுங்கறாரு.”

“பாத்தீங்களா, எவ்வளவு பதற்றம்!” என்றார் படக்காரர்.

குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. ஏழாம் வளைவில் ‘பதற்றப்படாதீர்’ என்று ஒரு பலகை நடப்பட்டது. அந்த ஆண்டு அந்தப் பலகையிலேயே நான்கு பேர் மோதினார்கள். விபத்துப் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் அத்தனை பேருக்கும் ‘பந்தயப் பதற்றம், படம் இணைக்கப்பட்டுள்ளது’ என்று தன் அழகான கையெழுத்தில் எழுதியவர் படக்காரர்தான். பதற்றம் என்று எழுதப்பட்டால் அந்த ஆண்டு ஆட்டம் முடிந்தது. வெளிக் காரணம் என்று நிரூபித்தால் மறு ஓட்டம் உண்டு. பதினொரு ஆண்டுகளில் மறு ஓட்டம் ஓடியவர் யாருமில்லை.

இந்த ஆண்டு பந்தயத்தில் அவருடைய மனைவியின் அண்ணன் மகளும் இருந்தாள். வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்திரண்டு ஆகியும் பெயர் மட்டும் வளரவில்லை. முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் தேசிய அணி. வேலையை விட்டுவிட்டு, அப்பாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு ஆண்டாக இதற்காகவே கிடந்தாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை, படக்காரர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“மாமா, ஏழாவது வளைவை இன்னிக்குப் பதினாலு தடவை எடுத்தேன். ஒரு தடவைகூட சக்கரம் வழுக்கல.”

“சபாஷ்.”

“இந்தத் தடவையாவது ஒருத்தி நேரா நிக்கிற படம் எடுங்க. உங்க ஆல்பத்தைப் பாத்தா ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இருக்கு.”

படக்காரருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. அவருக்குப் பிள்ளை இல்லை, வாண்டுதான் எல்லாம். நம் வீட்டுப் பெண்ணுக்கு நாம் செய்யாமல் யார் செய்வது என்று, பரணிலிருந்து மூன்றாவது பிளாஷ் ஒன்றை எடுத்து பேட்டரி போட்டு வைத்தார். அவள் முகம் பிரகாசமாக விழ வேண்டும் என்பது அவர் ஆசை.

மறுநாள் ஆறாம் வளைவு வரை அவள் மூன்றாவது இடத்தில் இருந்ததாக ஒலிபெருக்கி சொன்னது. படக்காரருக்கு நெஞ்சு படபடத்தது. மரங்களுக்கிடையே அவள் ஹெல்மெட் தெரிந்தது. அழுத்தினார். காடே வெளுத்தது. இரண்டாவது படத்தில் அவள் சாய்ந்தாள். ஐந்தாவதில் பறந்தாள்.

எட்டாவது படம் முடிந்ததும் அலறிக்கொண்டு ஓடினார். அவ்வளவு பாசம்.

வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆனால் படமோ, அவர் வாழ்நாளில் எடுத்ததிலேயே ஆகச் சிறந்தது! சேற்றுத் துளி ஒவ்வொன்றும் முத்து முத்தாக நின்றது. தலைவர் பார்த்துவிட்டு, “இதை ஆளுயரத்துக்குப் பெருசு பண்ணுய்யா!” என்று ஆணையிட்டார். அதோடு பழைய படங்களில் பதினெட்டையும் சேர்த்து, சங்கக் கட்டடத்தின் கூடத்தில் ‘வீழ்ச்சியின் மாட்சி’ என்ற பெயரில் கண்காட்சி ஏற்பாடானது. படக்காரருக்குச் சால்வை, கேடயம் எல்லாம் உண்டு. திறப்பு விழா நாளே விபத்துப் படிவம் கொடுக்கவும் கடைசி நாள்.

வாண்டு கட்டுப் போட்ட கையோடு வந்தாள். வாசலில் பன்னீர் தெளித்த செயலாளரைக் கண்டுகொள்ளாமல் நேரே தன் படத்தின் முன் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

“மாமா, இங்க வாங்க. என் கண்ணாடியில பாருங்க.”

பந்தயத்தில் போடும் பெரிய கண்ணாடி அது, பளபளவென்று முகம் பார்க்கலாம். படம் பத்திரிகையில் சிறிதாக வந்தபோது அந்தக் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரிந்தது. சூரியன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த மரக்கூட்டத்துக்குள் சூரியன் எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆளுயரத்தில் பார்த்தபோது அது மூன்று புள்ளிகள். மூன்றுக்கும் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு உருவம் குப்புறக் கிடந்தது. தலையில் பூப்போட்ட தொப்பி.

படக்காரர் அடுத்த படத்துக்குப் போனார். இரண்டு புள்ளி, தொப்பி. அதற்கடுத்ததிலும் தொப்பி. பதினெட்டாவது படம் வரை தொப்பிதான். அந்தக் கூடத்தில் எங்கே திரும்பினாலும் அவரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானத்தில் அவர் காது மடல் சுட்டது.

“பிரமாதம்ல?” என்று தலைவர் முதுகில் தட்டினார். “பேசப் போறேன், மேடைக்கு வாய்யா. சால்வை ரெடி.”

வாண்டு தன் பையிலிருந்து விபத்துப் படிவத்தை இடது கையால் எடுத்து, படக்காரரிடம் நீட்டினாள்.

“எனக்கு எழுத முடியாது மாமா. எப்பவும் நீங்கதானே எழுதுவீங்க? நான் சொல்றேன், எழுதுங்க.”

மேடையில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்த வளைவின் ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னாலும் ஒரு மாபெரும் கலைஞர் இருக்கிறார்!” என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. படக்காரர் பேனாவைத் திறந்தார். முள் தாளில் தடதடவென்று ஆடியது.

“கையை நடுங்க விடாதீங்க மாமா,” என்றாள் வாண்டு. “பதற்றம்னு எழுதிடப் போறாங்க.”

அவர் ஒரு கணம் சால்வையைப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட அவள் கையைப் பார்த்தார். குனிந்து, அவள் சொல்லச் சொல்ல, அதே அழகான கையெழுத்தில் எழுதினார்:

‘காரணம்: மாமா. படம் இணைக்கப்பட்டுள்ளது.’