உன் வண்டி துருப்பிடித்த விவரம்

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த, என் ஒரே தங்கையின் ஒரே மகனுக்குத் தாய்மாமன் எழுதுவது.

இங்கே நானும், இடது முழங்காலைத் தவிர என்னைச் சேர்ந்த மற்ற உறுப்புகளும் சௌக்கியம். அங்கே நீயும், உன் புது உத்தியோகமும், அந்த ஊர் வெயிலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். நிற்க.

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். குளிர்காலம் ஆரம்பித்த வாரம் நீ உன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினாயே, அன்றைக்கே வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மாப்ளே, இந்த வருஷக் குளிருக்கு இது துருப்பிடிக்கும்” என்றேன். நீ சிரித்தாய். நீ சிரிப்பாய் என்பதையும் நான் எதிர்பார்த்தேன். முப்பத்தாறு வருஷம் பாய்லர் அறையில் இரும்போடு குடித்தனம் நடத்தியவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, ஆனால் இரும்பு கைவிடவில்லை. துரு எப்படி வருகிறது என்று கேட்டால் படித்தவர்கள் ஏதோ வாயுவின் பெயரைச் சொல்வார்கள். அதெல்லாம் பரீட்சைக்கு. இரும்புக்கு வேலை இல்லாமல் போனால் வருகிற நோய் அது. ஓடிக்கொண்டிருக்கிற சங்கிலி துருப்பிடித்து நான் பார்த்ததே கிடையாது. கழற்றி மூலையில் போட்டால் மறுவாரமே ஆரம்பித்துவிடும்.

இதை ஏன் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறேன் என்று நீ யோசிக்கலாம். போனில் சொன்னால் நீ “சரி மாமா, சரி மாமா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் குறுக்கே வெட்டி வைக்க முடியாது பார். போன வாரம் நீ அனுப்பிய செய்தி வந்தது. வண்டியை விற்க ஏற்பாடாகிவிட்டது, இந்த மாதக் கடைசி ஞாயிறு உன் பழைய ஆபீஸ் நண்பர் வந்து எடுத்துக்கொள்வார், சாவியையும் பத்திரத்தையும் கொடுத்துவிடுங்கள், இதற்காக நான் வரவேண்டிய அவசியமே இல்லை, உங்களுக்கும் இனிமேல் சிரமம் இல்லை என்று எழுதியிருந்தாய். நாலு தடவை படித்தேன். எனக்கு என்ன சிரமம் என்று நான் என்றைக்காவது சொன்னேனா? எப்படியும் இப்போது அந்தப் பேச்சுக்கு இடமில்லை. வண்டியைக் கொடுக்க முடியாத நிலைமை. ஏன் என்பதை ஆதியிலிருந்து சொல்கிறேன்.

நீ போகும்போது பதினோரு குறிப்பு எழுதிக் கொடுத்தாயே, அந்தத் தாளை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் குறிப்பு, ரோட்டில் தூவிய உப்பு ஒரு பொட்டு இல்லாமல் கழுவ வேண்டும் என்பது. பனிக்காக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், அது வண்டியின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது, சரி. வாசல் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் காற்று வருகிறது. உறைந்துவிட்டது. நானா விடுவேன்? உள்ளே போய் வெந்நீர் வைத்து, குண்டான் குண்டானாகக் கொண்டுவந்து ஊற்றினேன். நாற்பது குண்டான் இருக்கும். சரி, பதினெட்டு. வண்டி பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் ஊற்றின தண்ணீர் அத்தனையும் முற்றத்தில் கண்ணாடி மாதிரி உறைந்து போனதை நான் கவனிக்கவில்லை. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். கடைசிப் படியில் காலை வைத்ததுதான் தெரியும், அப்படியே உட்கார்ந்த நிலையில், கையில் பையோடு, கௌரவம் கொஞ்சமும் குறையாமல் வெளிக்கேட் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். அடி ஒன்றும் இல்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, “பாய்லர்காரரே, அடுத்த தடவை சொல்லிட்டு ஊத்துங்க, நான் பையை மேலேயே வச்சுட்டு வரேன்” என்றார். அதோடு பத்து நாள் பேச்சு கிடையாது. அவரும் பேசவில்லை என்றால் இந்த வீட்டில் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள், நீயே சொல்லு.

இரண்டாவது, இரும்பு தெரிகிற இடத்தில் எல்லாம் லேசாக எண்ணெய் பூச வேண்டும். லேசாக என்கிற வார்த்தை பாய்லர் அறையில் கிடையாது. ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலைக்குப் பதிலாக நான் கேட்டு வாங்கிவந்த கிரீஸ் டப்பா பரணில் இருந்தது. முழு டப்பாவையும் பூசினேன். சங்கிலிக்கு, கம்பிகளுக்கு, போல்ட்டுகளுக்கு, கைப்பிடிக்கு, முன்சக்கரத்து பிரேக் தட்டுக்கு, ஒரு வேகத்தில் சீட்டுக்கும். எதிர்வீட்டு வெல்டர் எட்டிப் பார்த்தான். நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். “அண்ணே, பிரேக்குக்கும் கிரீஸா? அப்புறம் வண்டி எப்படி நிக்கும்?” என்றான். “இப்ப நிக்கத்தானே செய்யுது” என்றேன். ஆனாலும் மறுநாள் ஒரு பழைய பல்துலக்கி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பிரேக் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் ஆனது. அவன் சொன்னதற்காக இல்லை, எனக்கே அப்படித் தோன்றியது. அந்த வெல்டரும் போன மாதம் வேறு வேலை கிடைத்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டான். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான், அதைக் குறை சொல்லக் கூடாது.

அப்புறம் பாரு, மூணாவது குறிப்பு. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடக் கூடாது, உள்ளே வேர்க்கும், துணி உறைதான் போடணும்னு எழுதியிருக்கே. எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சேதான் பிளாஸ்டிக் போட்டேன், வேர்க்குதா இல்லையான்னு பரிசோதிக்க. வேர்த்தது. காலையில ஷீட்டைத் தூக்கினா வண்டி முழுக்க முத்து முத்தா தண்ணி, ஜுரம் வந்த பிள்ளை மாதிரி நிக்குது. இனி ஒரு ராத்திரிகூட இது வெளியே இருக்கக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணி, முன்னறைக்குள்ளே கொண்டுவரக் கிளம்பினேன். கைப்பிடி வாசல்ல இடிக்குது. இந்தப் பக்கம் சாய்ச்சா அந்தப் பக்கம் இடிக்குது. வெல்டரைக் கூப்பிட்டு ரெண்டு பேருமா வாசக்கதவையே கழட்டினோம். வண்டி உள்ளே வந்துடுச்சு. கதவைத் திரும்ப மாட்டும்போது கீல் ஒண்ணு உடைஞ்சுது, வேற கீல் கிடைக்க ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் கதவு இருக்க வேண்டிய இடத்துல பீரோவை நிறுத்திவச்சுட்டு, கோட்டு, கம்பளி, காலுறை எல்லாத்தோடயும் தூங்கினேன். வண்டிக்கு ஒரு கம்பளி அதிகம்.

எங்கே நிறுத்தினேன்னு கேட்கலையே. உன் அத்தையோட கட்டில் இருந்துச்சே, ஜன்னலை ஒட்டி, அந்த இடம். மூணு வருஷமா அங்கே ஒண்ணும் வைக்கலை. அளந்து வச்ச மாதிரி வண்டி பொருந்திடுச்சு. சைலன்சர் வாயை அடைக்கணும், இல்லேன்னா ஈரமும் எலியும் புகும்னு எழுதியிருந்தே. அதுக்கு அவளோட பழைய சால்வையைத்தான் சுருட்டி வச்சேன். கோவிச்சுக்க மாட்டா. அவளுக்கு எலின்னா பயம். பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ளே குளிர் படாத இடமா வைக்கச் சொன்னே. இந்த வீட்டுல குளிர் படாத இடம் என் கட்டில்ல சுவர்ப் பக்கம் ஒண்ணுதான். அங்கே பலகை போட்டு வச்சிருக்கேன். ஆசிட் பட்டு கம்பளியில ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை விழுந்துடுச்சு. பரவாயில்லை. பேட்டரி குறட்டை விடறதில்லை.

பத்து நாள் மௌனத்தை முடிச்சுக்கிட்டு வீட்டுக்காரம்மா ஒருநாள் சாயங்காலம் வந்தாங்க. வாசல்ல நின்னு வண்டியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. வாடகைப் பத்திரத்துல ஒரு ஆள்னுதானே போட்டிருக்குன்னு ஆரம்பிச்சாங்க. இது ஆள் இல்லையேன்னேன். “அப்ப தினமும் சாயங்காலம் யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க? எனக்கு மேலே கேக்குது” ன்னாங்க. மருமகன்கிட்ட போன்லன்னு சொன்னேன். “உங்க போன் ஞாயித்துக்கிழமைதானே அடிக்குது” ன்னு சொல்லிட்டு, பதிலுக்குக்கூட நிக்காம மாடிக்குப் போயிட்டாங்க. அந்தம்மாவுக்குக் காது ரொம்பக் கூர்மை. சும்மா தொடைக்கும்போது ரெண்டு வார்த்தை சொல்றது ஒரு தப்பா? பாய்லர்கிட்டயும் முப்பத்தாறு வருஷம் பேசினவன்தானே நான்.

ஏழாவது குறிப்புதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே இடத்துல நிறுத்தினா டயர் ஒரு பக்கமா அமுங்கிடும், அதனால வாரம் ஒரு தடவை சக்கரத்தை அரைச் சுத்து உருட்டி வைக்கணும். நான் இதுக்கு ஒரு முறை வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நீ போன் பண்ணி, “மாமா, வண்டி எப்படி இருக்கு”ன்னு கேப்பே இல்லையா, அப்ப போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு உருட்டுவேன். ஒரு வாரம் ஜன்னல் பக்கம், அடுத்த வாரம் சமையலறைப் பக்கம். தரையில சாக்பீஸ் கோடு போட்டிருக்கேன். நீ நலமா இருக்கேன்னு சொல்லி முடிக்கிறதுக்கும் சக்கரம் கோட்டுக்கு வர்றதுக்கும் சரியா இருக்கும். தை மாசம் நீ மூணு ஞாயிறு கூப்பிடலை. வேலை இருந்திருக்கும், தெரியும். மூணு வாரமும் சக்கரம் அதே கோட்டுலதான் நின்னுது. நான் உருட்டியிருக்கலாம். உருட்டலை. நீ பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவே, அப்புறம் சாயங்காலம் கூப்பிட்டாலும் கூப்பிடுவேன்னு விட்டுட்டேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாலாவது குறிப்பில் டேங்க்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பி வைக்கச் சொல்லியிருந்தாய், காலியாக இருக்கிற இடத்தில் ஈரம் சேரும் என்று. அதில்தான் நான் கொஞ்சம் அலட்சியமாக இருந்துவிட்டேன். பாதி போதும் என்று விட்டேன். நேற்று மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், மாப்ளே, உள்ளே செங்கல் பொடி. பாதியிலிருந்து மேலே முழுக்கத் துரு. சங்கிலியும் விறைத்துப் போயிருக்கிறது. கிக்கரை மிதித்தால் அது கீழே போகவில்லை, என் கால்தான் மேலே வருகிறது. நான் அன்றைக்கே சொன்னேன் இல்லையா?

ஆகையால் உன் நண்பரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. இந்த நிலைமையில் கொடுத்தால் பெயர் கெடும். நீதான் நேரில் வரவேண்டும். டேங்க்கைக் கழற்றி, உள்ளே ஜல்லியைப் போட்டுக் குலுக்கி, அலசி, காயவைத்து, சங்கிலியை ஊறவைத்து, நாலு நாள் வேலை. ஐந்து நாள்கூட ஆகலாம். இரண்டு ஆள் வேலை. நீ டார்ச்சைப் பிடித்தால் போதும், மற்றதை நான் சொல்லிக்கொண்டே செய்வேன். உனக்காகப் பரணிலிருந்து மெத்தையை இறக்கி ஜன்னலோரம் காயப்போட்டிருக்கிறேன். பேட்டரியையும் கட்டிலிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன், எனவே இடத்துக்குக் குறைவில்லை.

உன் அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். நீ நேரத்துக்குத் தூங்கு. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், மேலதிகாரிகள் உன் அருமையை உணரட்டும், நூறு வயது இரு.

இப்படிக்கு,
உன் வண்டியையும் உன்னையும் இரு கண்ணாகக் காக்கும்
தாய்மாமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை உரக்கப் படித்துப் பார்த்தேன். கேட்க வண்டியைத் தவிர யாரும் இல்லை. துரு என்று எழுதின இடம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். முப்பத்தாறு வருஷத்தில் என் கையிலிருந்த ஒரு இரும்பும் துருப்பிடித்ததில்லை. அப்படிப்பட்டவன் கைப்பட, துருப்பிடித்துவிட்டது என்று எழுதி, அதை நாலு பேர் படித்தால் என்ன ஆவது? வண்டியின் முன்னால் நின்று அதைப் படிக்கவே முடியவில்லை, அதற்கும் ஒரு மானம் இருக்கிறது. ஆகவே அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள். டேங்க் நீ சொன்னபடி கழுத்து வரைக்கும் நிரம்பித்தான் இருக்கிறது. எங்கேயும் ஒரு பொட்டு துரு கிடையாது. போன புதன்கிழமை கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, பேட்டரியை மாட்டி, சால்வையை எடுத்துவிட்டு மிதித்தேன், ஒரே மிதி. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து ஓடிவந்தார். “வண்டி கிளம்புதா?” என்று கேட்டார். இல்லை, சும்மா சத்தம் கேட்கலாமென்று போட்டேன் என்றேன். ஏனோ திட்டவில்லை. நிறுத்தும்வரைக்கும் அவரும் நின்று கேட்டார்.

மற்றதெல்லாம் நடந்ததுதான், குண்டான் கணக்கை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள். உன் நண்பர் வந்தால் கொடுத்துவிடுகிறேன், சாவி கதவுப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. கதவைக் கழற்ற ஒரு ஆள் வேண்டும், அதற்கு அவரே போதும்.

வண்டி போன பிறகும் ஞாயிறு பதினோரு மணிக்குக் கூப்பிடு. வண்டி எப்படி இருக்கு என்றே கேள். நான் ஏதாவது சொல்கிறேன்.